அடிபட்ட வண்டி வாங்கலாமா?



போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சின்னச் சண்டை. உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி மகன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். அது விபத்தில் அடிபட்ட வண்டி. தெரிந்தேதான் வாங்கினான். அத்தை நானும் பக்கத்தில் நின்றுதான் வாங்க வைத்தேன். விஷயம் வெளியே வந்ததும் சித்தப்பா ஒருவர், "அம்மணி, ஊருக்கே பாடஞ் சொன்னவ நீ, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? அடிபட்ட வண்டிக்கு ராசி ஏது?" என்று குரல் பதிவு அனுப்பினார். அதற்கு ஏழெட்டுப் பேர் கைகூப்பி ஆமோதித்தார்கள்.

குழுவில் பதில் சொன்னால் சண்டை வளரும். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். எட்டாம் வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுக்க உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் இரண்டு வண்டி பார்த்தோம். முதல் வண்டியைக் காட்டியவர், "ஒரு கீறல்கூடப் பட்டதில்லீங்க" என்றார். அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தோம். இரண்டாவது வண்டிக்காரர், "பின்னாடி லாரி இடிச்சிருக்கு" என்று முதல் பேச்சிலேயே சொன்னார். அதைத்தான் வாங்கினோம். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தோம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

கோவைப் பையன்களுக்குக் கார் பைத்தியம் புதிதல்ல. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் இது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் ஊரும் இதுதான். என் மருமகன் சின்ன வயதில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்ததெல்லாம் இரண்டு கதவு வைத்த கார்கள். ஆறு வருடம் சம்பாதித்துச் சேர்த்த பிறகு போன ஆடி மாதம் வந்து நின்றான். "அத்தை, ஆடி டிடி ஒண்ணு வந்திருக்கு. 2012 மாடல். மூணு லட்சம் குறையுது, ஒரு வருஷத்துல குடுத்துருவேன்."

என் அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "ஆடி மாசத்துல ஆடி வாங்குறானாமா? ஆவணி பொறக்கட்டும் கண்ணு."

அம்மா நேரம் காலம் பார்த்துச் சொன்னார். நான் வேறு காரணத்துக்காகத் தள்ளிப்போடச் சொன்னேன். "பணம் தர்றேன். ஆனா வண்டியை நான் சொல்ற ஆள் பார்க்கணும். அதுக்கு முன்னாடி அட்வான்ஸ்னு ஒரு ரூபா குடுக்கக் கூடாது" என்றேன். அவன் முகம் சுருங்கியது. ஏற்கெனவே ஐம்பதாயிரம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். இன்னும் கொடுக்கவில்லை, நல்ல வேளை.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று 1991-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வருடம் இரண்டு மாதம் நான் இடது கையால் கரும்பலகையில் எழுதினேன், நினைவிருக்கிறதா? கோழி கிளறிய மாதிரி இருந்த அந்த எழுத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊருக்கும் பள்ளிக்கும் ஏழு கிலோமீட்டர். பஸ்ஸை நம்ப முடியாமல் பழைய மொபெட் ஒன்று வாங்கினேன். புதுப் பெயிண்ட், புது சீட் கவர். பார்த்ததும் பிடித்துவிட்டது. ஓட்டினால் இடது பக்கமாக இழுக்கும். "புது ஆளுக்குக் கை பழகலீங்க" என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். மூன்றாவது வாரம் வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோதுதான் முன் ஃபோர்க் எப்போதோ வளைந்து, சூடுபடுத்தி நிமிர்த்தப்பட்டிருந்தது தெரிந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கை தோசைக் கரண்டியைத் திருப்பும்போது வலிக்கும்.

அன்று அந்த வண்டியைப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு வந்த பதின்மூன்று வயதுப் பையன் இன்று சிங்காநல்லூர் பக்கம் சொந்தமாகக் கார்ப் பட்டறை வைத்திருக்கிறான். டிங்கரிங்கில் தொடங்கி, வெளிநாட்டு வண்டிகள்வரை கற்றுக்கொண்டவன். அவனைக் கூப்பிட்டேன். "வர்றனுங்க டீச்சர். உங்க வண்டின்னா நான்தானே தள்ளோணும்" என்றான்.

முதல் வண்டி ஒரு கார் கன்சல்டிங் கடையில் நின்றது. சிவப்பு நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. விலையும் மற்ற இடங்களைவிட ஒன்றரை லட்சம் குறைவு. மருமகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தேன். அறிவியல் டீச்சர் அல்லவா. இரும்புத் தகட்டின் மேல் பட்டி பூசியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்று எங்கோ படித்திருந்தேன். பானெட்டில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. ஃபெண்டரில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. "பார்த்தியா, வண்டி பூராவும் பட்டி!" என்று வெற்றிப் புன்னகையோடு திரும்பினேன்.

என் மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "டீச்சர், இது அலுமினியங்க."

முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்தியவள் அன்று பாடம் கேட்டேன். அந்த மாடலில் உடலின் பெரும்பகுதி அலுமினியம், பின்பக்கத் தரைப்பகுதி போன்ற சில இடங்கள் இரும்பு. முன்னால் இன்ஜின் இருப்பதால் எடையைச் சமன் செய்ய அப்படி வைத்திருக்கிறார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். வண்டியின் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கே அது மறந்துபோனது என்றால் ஆசையோடு வாங்கப் போகிறவனுக்கு என்னவெல்லாம் மறக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கைபேசி அளவுதான் இருக்கும். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளக்கும். முதலில் கூரையை அளந்தான். கூரை அடிபடுவது அரிது என்பதால் அதுதான் ஒப்பிடுவதற்கான அளவு. 120 மைக்ரான் காட்டியது. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100-லிருந்து 180 மைக்ரானுக்குள் இருக்குமாம். பானெட் 290 காட்டியது. அதாவது மேலே இன்னொரு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இடது ஃபெண்டர் 900. அங்கே உள்ளே பட்டி இருக்கிறது.

"இதை வெச்சு மட்டும் தப்புன்னு சொல்ல முடியாதுங்க டீச்சர். ஆட்டோக்காரர் உரசிட்டுப் போனாலும் பெயிண்ட் அடிப்பாங்க. உள்ள பார்க்கலாம்" என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. விடைத்தாளில் ஒரு வரி தப்பாக இருந்தால் முழுத் தாளுக்கும் சுழி போடக் கூடாதல்லவா.

உள்ளே பார்த்தது என்னவென்று வரிசையாகச் சொல்கிறேன். எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும். நீங்கள் வாங்குவது சின்ன மாருதியாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, போல்ட்டுகள். பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால், ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

இரண்டு, இடைவெளி. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும், கதவுக்கும் கதவுக்குப் பின்னுள்ள உடலுக்கும் நடுவில் இருக்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் இடது பக்கம் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது, வலது பக்கம் நுழையவில்லை.

மூன்று, கண்ணாடியும் பெல்ட்டும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த காலத்தைக் காட்டும் சிறு குறி இருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் சீட்டு ஒன்று தைத்திருப்பார்கள், அதிலும் தேதி இருக்கும். எல்லாம் வண்டியின் வயதை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே ஓட்டுநர் பெல்ட் மட்டும் வண்டியைவிட ஐந்து வயது இளையது. பெல்ட்டை முழுக்க இழுத்தும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால், வெளியே எவ்வளவு கழுவியிருந்தாலும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு, ஏர்பேக் விளக்கு. சாவி போட்டதும் அந்த விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விபத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு புதிது போடச் செலவாகும் என்று சிலர் விளக்கையே வேலை செய்யாமல் ஆக்கிவிடுகிறார்கள். இந்த வண்டியில் விளக்கு எரியவே இல்லை. பயணி பக்கத்து டேஷ்போர்டில் விரலால் தடவிக் காட்டினான். தோல் ஒட்டிய விளிம்பு தட்டுப்பட்டது. ஸ்கேனர் போட்டால் ஏர்பேக் யூனிட் பதிலே சொல்லவில்லை.

ஐந்து, அடிப்பாகம். இதை லிஃப்டில் ஏற்றாமல் பார்க்க முடியாது. பட்டறையில் லாங் மெம்பர் என்பார்கள், இன்ஜினைத் தாங்கி முன்னால் நீளும் சட்டம். இடது சட்டத்தில் கையால் வைத்த வெல்டிங் தழும்பு இருந்தது. தொழிற்சாலையில் அந்த இடத்தை ரிவெட்டும் பசையும் வைத்து இணைத்திருந்தார்கள்.

இங்கேதான் அலுமினியம் என்பது பெரிய விஷயமாகிறது. இரும்பைச் சூடுபடுத்தினால் சிவக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன் சிவந்து எச்சரிக்காது. வளைத்து நிமிர்த்தினால் விரிசல் விடும். இரும்புக்குப் பயன்படுத்திய அதே சுத்தியலையும் பிரஷ்ஷையும் அதில் பயன்படுத்தினால், ஒட்டிக்கொண்ட இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். அதனால் அதற்கென்று தனிக் கருவி, தனி இடம், தனிப் பயிற்சி வேண்டும். எல்லாத் தெருமுனைப் பட்டறையிலும் அது கிடையாது.

"டீச்சர், இந்தச் சட்டம் மோதும்போது அளவா மடங்கி, அடியை வாங்கிக்கத்தான் வெச்சிருக்காங்க. ஒருக்கா மடங்குனதை இழுத்து ஒட்டியிருக்காங்க. மறுபடி மோதுனா எப்படி மடங்கும்னு யாருக்கும் தெரியாது. ஏர்பேக்கும் இல்லை" என்றான். மருமகன் அதுவரை காரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

காகிதமும் அதையேதான் சொன்னது. வண்டியில் எண்ணெய் படியாத கையால் நீங்களே பார்க்கக்கூடிய பகுதி இது. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் கிளெய்ம் செய்யாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. கிளெய்ம் செய்தால் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். ஒரே உரிமையாளர், விபத்தே இல்லை என்று சொன்ன அந்த வண்டியின் பாலிசியில் அது சுழி. கேட்டதற்கு, "ஏஜென்ட் போட மறந்துட்டாருங்க" என்றார் கடைக்காரர். யாராவது ஐம்பது சதவீதத் தள்ளுபடியை மறப்பார்களா? ஆனாலும் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும். வண்டி கை மாறினாலும் புது உரிமையாளருக்குச் சுழிதான், ஏனென்றால் அந்தப் போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்குரியது அல்ல. காகிதம் சொல்வதும் வண்டி சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழுது பார்க்கும் செலவு, ஐ.டி.வி. என்னும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி கழிவு விலைக்குப் போகும். அதை யாரோ வாங்கி, ஒட்டுப்போட்டு, பளபளப்பாக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவதும் உண்டு. விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்காமல் சந்தோஷப்படக் கூடாது.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகன் கேட்டான். "அத்தை, அடிபட்டதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்னுதானே மறைச்சாங்க?" சரியான கேள்வி. அதற்கு நம்மைப் போன்றவர்களும் ஒரு காரணம் என்றேன். அடிபட்டது என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே ராசியில்லை என்று எழுந்து போகிறோம். உண்மை சொன்னவன் வண்டி விற்காது, பொய் சொன்னவன் வண்டி விற்கும் என்றால் சந்தையில் எது மிஞ்சும்?

சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான். ராசி பார்ப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. டெலிவரி எடுக்கும்போது நானும்தான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஆனால் ராசி என்று சொல்லிவிட்டால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். எங்கே அடி, எவ்வளவு அடி, யார் சரிசெய்தார்கள், எப்படிச் சரிசெய்தார்கள் என்ற நாலு கேள்விக்கும் ராசி பதில் சொல்லாது.

இரண்டாவது வண்டி கொச்சியில் இருந்தது. அதே மாடல், சாம்பல் நிறம். உரிமையாளர் ஒரு மருத்துவர். தொலைபேசியிலேயே, 2019-இல் சிக்னலில் நின்றபோது மினி லாரி பின்னால் இடித்தது என்றார். பில், இடித்த அன்று எடுத்த படங்கள், இன்சூரன்ஸ் சர்வேயரின் அறிக்கை மூன்றையும் கேட்காமலே அனுப்பினார். பின் பம்பர், டிக்கிக் கதவு, பின் பேனல் மாற்றியிருக்கிறார்கள். "எங்க வேணும்னாலும் கொண்டுபோய்க் காட்டிக்கோங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பாதிச் சான்றிதழ். மீதிப் பாதியை என் மாணவன்தான் தர வேண்டும்.

காலையில் அவன் காரிலேயே மூன்று பேரும் கிளம்பினோம். அங்கே ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் காசு கொடுத்து லிஃப்டைக் கேட்டு வாங்கினான். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கித் தரையில் சுருக்கம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தான். ரப்பர் பீடிங்கை உரித்து ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்று எண்ணினான். அடிபட்ட இடம் பின்பக்கம், இரும்பு உள்ள பகுதி, நம் ஊர்ப் பட்டறைகளுக்கு நன்றாகப் பழகிய உலோகம். பின்சட்டம் வளையவில்லை. மாற்றியதெல்லாம் பில்லில் இருந்தது, பில்லில் இருந்ததெல்லாம் வண்டியில் இருந்தது. முன்பக்கம் பெயிண்ட் அளவு கூரையோடு ஒத்துப்போனது. ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. அலைன்மென்ட் கருவி அச்சடித்துத் தந்த தாளில் இடதுபக்க எண்ணும் வலதுபக்க எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. உடல் முறுக்கிக்கொண்ட வண்டியில் அந்த எண்களை ஒத்துவர வைப்பது கடினம் என்றான். சேஸிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளையும் ஆர்.சி.யோடு ஒப்பிட நான் சத்தமாக வாசித்தேன், மருமகன் சரிபார்த்தான். வருகைப் பதிவேடு எடுத்த மாதிரி இருந்தது.

குறையும் கண்டுபிடித்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. அந்த வண்டியில் இரண்டு டயர் அந்த வயது, மற்ற இரண்டு வேறு கம்பெனி. அலாய் வீல் ஒன்று குழியில் விழுந்து லேசாக வளைந்திருந்தது. கீழே காற்றுக்காக வைத்த மறைப்பு வேகத்தடையில் உரசி உடைந்திருந்தது. தாழ்வான வண்டிக்கு நம் சாலைகளில் இது தப்பாது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் ஒரு கேள்வியையும் கேட்கச் சொன்னேன்: பந்தயத் தளத்தில் ஓட்டியிருக்கிறாரா? பிரேக்கும் கிளட்ச்சும் அங்கே வேகமாகத் தேயும், பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரணப் பாலிசி பணம் தராது. இல்லை என்றார். பிரேக் டிஸ்க்கும் அதையே சொன்னது.

ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றினார்கள். உள்ளே உட்காருவது சுலபமாக இருந்தது. எழுந்திருக்க மருமகனும் மருத்துவரும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டியிருந்தது. நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பிரேக் போட்டபோதும் நேராகவே நின்றது. அந்த நேரத்தில் என் வலது மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டிருந்ததை மருமகன் கவனித்திருக்கிறான், பிறகு சொன்னான்.

நாலு டயருக்கும் வீலுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்தோம். அடிபட்ட வண்டி என்பதால் மறுபடி விற்கும்போது விலை குறையும், அதையும் பேசினோம். அவர் ஒப்புக்கொண்டார். கேரள வண்டி என்பதால் அங்கே தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் உண்டு. அதையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது. உரிமை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டான்.

இனி ஒரு விஷயம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் தம்பிக்குக்கூடத் தெரியாது.

என் மணிக்கட்டை உடைத்த அந்த மொபெட்டை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபோர்க்கை மறுபடி நிமிர்த்தி, 1992-இல் 2,800 ரூபாய்க்கு ஒரு பால்காரருக்கு விற்றேன். "நல்லா ஓடுங்களா டீச்சர்?" என்று கேட்டார். "ஓடும்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் பேரம்கூடப் பேசவில்லை. இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கொண்டு வாய்க்கால் பாலத்தின் வழியாகத்தான் அவரும் போயிருப்பார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒரே காரணம்தான் தோன்றும்.

அந்தக் கன்சல்டிங் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்தபோது, கூடவே இதுவும் நினைவுக்கு வந்தது. அதனால்தான் கடையின் பெயரை எழுதவில்லை. அந்த நாற்காலியில் நானும் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

எனவே வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அடிபட்ட வண்டி என்று கேட்டதும் ஓடாதீர்கள், அடிபடாத வண்டி என்று கேட்டதும் மயங்காதீர்கள். மனதைக் கொடுப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றுங்கள். விவரம் தெரிந்த ஒருவருக்கு உரிய கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள், ஓசியில் கேட்காதீர்கள். என் மாணவன் என்னிடம் வாங்க மறுத்தான், நான் மறுக்க விடவில்லை. காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில். உடல் சட்டமும் ஏர்பேக்கும் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது பண விஷயம் அல்ல.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். இடித்த அன்றே படம் எடுத்து வையுங்கள். கேட்பதற்கு முன் சொல்லுங்கள். பத்து, இருபதாயிரம் குறையலாம். குறையட்டும். முப்பது வருடம் கழித்து, ராத்திரி தூக்கத்தில் ஒரு பால்காரரின் முகம் வராமல் இருக்க அது சின்ன விலைதான்.

கடைசியாக, என் சித்தப்பாவுக்கு. கோபம் தணிந்ததும் சொல்லுங்கள், மருமகனை வண்டியோடு அனுப்பி வைக்கிறேன். ஏறி உட்காருவது சுலபம். இறங்கத்தான் இரண்டு ஆள் வேண்டும், திண்ணையில் ஆட்களைத் தயாராக வையுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்